கிளிப் போட்டவர்களுக்கு மனசு நிறைவது எப்போது? தெரியுமா!

பல் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் ஒரே ஒரு போன், கிளிப் போட்ட பல்லின் வலியைக் குறைத்துவிடும். தெரியுமா உங்களுக்கு? போனில் மாத்திரை பேர் சொல்ல வேண்டாம், அறிவுரை சொல்ல வேண்டாம். கூப்பிட்டு நாலு வார்த்தை பேசினாலே போதும், வலி குறைகிறது!

யாரோ சொன்ன கதை இல்லை இது. பல் சீரமைப்புத் துறைக்கான அமெரிக்க ஆய்விதழில் 2005-ல் வெளியான ஆய்வு. கிளிப் போட்ட 150 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குப் போன் போட்டு, வலி எப்படி இருக்கும், என்ன செய்யலாம் என்று விவரமாகப் பேசினார்கள். இரண்டாவது குழுவுக்கும் போன் போனது. ஆனால் வலியைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆய்வில் கலந்துகொண்டதற்கு நன்றி என்கிற மாதிரி மரியாதைப் பேச்சு மட்டும்தான். மூன்றாவது குழுவுக்குப் போனே இல்லை. அடுத்தடுத்த நாட்களில் வலியைக் கணக்கெடுத்தபோது என்ன ஆச்சு தெரியுமா? போன் வந்த இரண்டு குழுவுக்கும் வலி குறைவு, பயமும் குறைவு. விவரம் சொன்ன போனுக்கும் வெறும் நன்றி சொன்ன போனுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை!

கம்பியின் இழுவிசை எல்லோருக்கும் ஒன்றுதான். யாரோ தன்னை நினைத்தார்கள் என்கிற ஒன்று மட்டும்தான் கூடுதல். கிளிப் சிகிச்சையில் ஒருவருக்குத் திருப்தி வருவதும் வராததும் எங்கே முடிவாகிறது என்று உலகம் முழுக்கத் தேடியவர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடமும் இதுதான்.

முதலில் அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம், அதுவே ஒரு அதிசயம். பல் ஈறில் நட்டுவைத்த ஆணி இல்லை. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கம் அழுத்தும்போது அந்தப் பக்கத்து நார் நசுங்குகிறது, எதிர்ப்பக்கத்து நார் இழுபடுகிறது. நசுங்கிய பக்கம் எலும்பைத் தின்னும் செல்கள் வந்து சேருகின்றன. இழுபட்ட பக்கம் எலும்பைக் கட்டும் செல்கள் வந்து சேருகின்றன. முன்னால் பாதை வெட்டி, பின்னால் பள்ளத்தை மூடி, பல் தன் குழியோடு சேர்ந்தே நகர்கிறது! வேகம்? மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஒற்றை வேர்ப் பல்லை லேசாகச் சாய்க்க 35 முதல் 60 கிராம் விசை போதும். அதைவிட அதிகமாக இழுத்தால் பல் வேகமாக நகராது, ரத்த ஓட்டம் நின்றுபோய் நகர்வதே தாமதமாகும். டாக்டர் "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்களேன், சீக்கிரம் முடியட்டும்" என்கிற வேண்டுகோளைக் காதில் போட்டுக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

வலிக்கு ஒரு கால அட்டவணையே உண்டு, தெரியுமா? கம்பி மாட்டிய ஒரு சில மணி நேரத்தில் லேசாக ஆரம்பிக்கும். ஏறக்குறைய 24 மணி நேரத்தில் உச்சம். பிறகு இறங்கிக்கொண்டே வந்து ஒரு வாரத்தில் பெரும்பாலும் காணாமல் போய்விடும். காலையில் மாட்டினால் அன்றைக்கு ராத்திரி இட்லியைக்கூட முன்பல்லால் கடிக்க முடியாது, மூன்றாம் நாள் தோசை இறங்கும். இந்த ஒரு தகவலை முன்கூட்டியே சொல்லிவிட்டால், மறுநாள் வலி ஏறும்போது "ஏதோ தப்பாகிவிட்டது" என்று ஒரு பிள்ளை நடுங்காது. சொல்லாமல் விட்டால் அதே வலி பயமாக மாறிவிடுகிறது.

இன்னொன்று கேளுங்கள். கிளிப் போட்டவர்கள் சூயிங் கம் பக்கமே போகக்கூடாது என்றுதான் காலம் காலமாகச் சொல்லி வந்தார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். கம் மென்றவர்களுக்கு வலி குறைவு, கிளிப் உடைவதும் கூடவில்லை! (அதற்காக முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு எல்லாம் சேர்த்தி இல்லை. பொங்கல் முடிந்த வாரம் பல்லில் கம்பியைப் பிடித்து நிற்கும் பிராக்கெட் கழன்று, அதைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற கூட்டத்தை எந்தப் பல் டாக்டரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.)

வாய்க்குள் மாட்டுகிற அந்தக் கம்பிக்கும் ஒரு கதை இருக்கிறது. அது கடற்படைக் கம்பி! அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் என்பவர் ஏவுகணை முனைக்கு உலோகம் தேடும்போது நிக்கலையும் டைட்டானியத்தையும் கலந்தார். 1960-களின் தொடக்கத்தில் ஒரு கூட்டத்தில் அந்த உலோகத் தகட்டை மடிப்பு மடிப்பாக மடித்துக் கைக்குக் கை கொடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி ஒருவர் தன் பைப் லைட்டரை அதன் அடியில் பிடித்தார். மடிந்து கிடந்த தகடு, சூடு பட்டதும் தானாகவே நீண்டு நிமிர்ந்துவிட்டது! பழைய வடிவத்தை 'ஞாபகம்' வைத்திருக்கும் உலோகம். அதன் பெயரான நிட்டினாலில் நிக்கல், டைட்டானியம், அந்தக் கடற்படை ஆய்வகம் மூன்றும் ஒளிந்திருக்கின்றன. ஐயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் 1970-களின் தொடக்கத்தில் அதை வாய்க்குள் கொண்டுவந்தார். கோணல் பல் வரிசைக்கு ஏற்றபடி வளைத்து மாட்டினால், பழைய வளைவுக்குத் திரும்பப் பார்த்துக்கொண்டே மாசக்கணக்கில் மெதுவாக, சீராகப் பல்லை இழுக்கும். அதற்கு முந்தைய எஃகுக் கம்பியை அடிக்கடி முறுக்கி வளைத்து மாட்ட வேண்டியிருந்தது.

பிராக்கெட் எப்படிப் பல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது? 1955-ல் மைக்கேல் புவனோகோர், பல்லின் எனாமலை பாஸ்பாரிக் அமிலத்தால் லேசாக அரித்தால் பசை கெட்டியாகப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தார். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டை கட்ட வேண்டும். வாய் திறந்தால் பல்லே தெரியாது, தகடுதான் தெரியும். இன்றைக்குப் பிள்ளைகள் பிராக்கெட்டில் மாட்டும் குட்டி ரப்பர் வளையத்துக்கு நீலமா ரோஸா என்று கலர் தேர்ந்தெடுப்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். தன் வாயில் நடக்கிற எதையுமே தீர்மானிக்க முடியாத ஒரு பிள்ளைக்கு, தீர்மானிக்கக் கிடைத்த ஒரே விஷயம் அது!

கம்பி மாற்றும் நாளை ஒரு நிமிஷம் கிட்டப் போய்ப் பாருங்கள். கன்னத்தை ஒதுக்கும் பிளாஸ்டிக் மாட்டியாயிற்று. கூர்முனைக் கருவியால் பழைய ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாகத் தெறித்தெடுக்கிறார்கள். பழைய கம்பி உருவி வருகிறது. புதுக் கம்பி உள்ளே நுழைகிறது, கடைவாய்ப் பல்லின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைக் கட்டர் 'டக்'கென்று நறுக்குகிறது. அப்போது டாக்டர் தன் விரலைக் கன்னத்துக்குள் விட்டு நுனியைத் தடவிப் பார்த்து, "நாக்கால தொட்டுப் பாரும்மா, எங்கயாவது குத்துதா?" என்று கேட்கிறாரா இல்லையா? ஐந்து விநாடிகூட ஆகாத கேள்வி. கேட்காமல் அனுப்பினால் அன்றிரவு முழுக்கக் கன்னம் புண்ணாகும், மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்க முடியாது. பல் எவ்வளவு நேராக வந்தாலும் அந்த ராத்திரி மறக்காது.

இதைத்தான் ஆய்வுகளும் சொல்கின்றன. ஓக்லஹோமாவில் சின்ஹா, நந்தா, மெக்நீல் மூவரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், டாக்டர் நோயாளியிடம் நடந்துகொள்ளும் விதத்தை வைத்தே நோயாளியின் திருப்தியையும், சொன்னபடி அவர் கேட்டு நடப்பதையும் கணிக்க முடிகிறது என்று கண்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் சிகிச்சை முடித்தவர்களிடம் 58 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். முக அழகு, கடிக்கும் வசதி, நாலு பேர் நடுவே கிடைக்கும் தைரியம், ஆஸ்பத்திரிச் சூழல், டாக்டரோடு உள்ள உறவு என்று எல்லாம் அதில் இருந்தது. 2005-ல் வெளியான முடிவில் திருப்தியோடு இறுக்கமாகப் பிணைந்திருந்தது எது தெரியுமா? டாக்டர் - நோயாளி உறவு! ஜோர்டானில் 2006-ல் வந்த இன்னொரு ஆய்வு வேறொரு பக்கத்தைத் திறந்து காட்டியது. சட்டென்று கவலைக்கும் பதற்றத்துக்கும் ஆளாகும் குணமுள்ளவர்களுக்குச் சிகிச்சைக்குப் பிறகும் திருப்தி குறைவாகவே இருந்தது. அவர்கள் பல் நன்றாக வரவில்லை என்பதில்லை. அவர்களிடம் இன்னும் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, பல் நேராகிவிட்டது என்று யார் சொல்வது? டாக்டர் கண்ணும் நம் கண்ணும் ஒன்றா? சியாட்டிலில் கோக்கிச்சும் சக ஆய்வாளர்களும் கணினியில் திருத்திய சிரிப்புப் படங்களைப் பல் சீரமைப்பு நிபுணர்கள், சாதாரணப் பல் டாக்டர்கள், பொதுமக்கள் என மூன்று தரப்புக்கும் காட்டினார்கள். மேல் முன்பற்களின் நடுக்கோடு 4 மில்லிமீட்டர் விலகியபோதுதான் நிபுணர்களே குறை கண்டார்கள். பொதுமக்களுக்கு? 4 மில்லிமீட்டர் விலகியும் தெரியவில்லை. பொதுவான பல் டாக்டர்களுக்கும் தெரியவில்லை! 1999-ல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது, கண்ணாடி முன்னால் நின்று அரை மில்லிமீட்டருக்காக அழுகிற பிள்ளைகள்தான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தார்கள். அவர்கள் சுவரில் ஒட்டிவைக்க வேண்டிய செய்தி இது.

அழகின் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று தேடினால் இன்னும் வியப்பு. நவீன பல் சீரமைப்பின் தந்தை எனப்படும் எட்வர்ட் ஆங்கிள் 1899-ல் வகுத்த மூன்று வகைப் பிரிவைத்தான் இன்றைக்கும் மாணவர்கள் படிக்கிறார்கள். சீரான முகத்துக்கு அவர் எடுத்துக்காட்டியது எதை தெரியுமா? அப்பல்லோ பெல்வெடெர் என்கிற பழைய சலவைக்கல் சிலையை! எல்லா முகத்துக்கும் ஒரே இலக்கணம் இருக்கும் என்று நம்பித் தேடியவரிடம், செயின்ட் லூயிஸ் ஓவிய ஆசிரியர் எட்மண்ட் வூயர்பெல் அப்படி ஒரு ஒற்றை இலக்கணம் கிடையவே கிடையாது, ஒவ்வொரு முகத்துக்கும் அதற்குரிய பொருத்தம் வேறு என்று எடுத்துச் சொன்னார். ஜப்பானுக்குப் போனால் யாயேபா என்று பேர் சொல்லி, பக்கத்துப் பல்மேல் ஏறி நிற்கும் கோரைப்பல்லைச் சிலர் அழகு என்கிறார்கள். இருக்கிற நேரான பல்மேல் செயற்கையாக ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு! நம் ஊரிலும் தெத்துப்பல் சிரிப்புக்கு மயங்காதவர் உண்டா? தாய்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே. கிளிப் என்றாலே வசதியான வீட்டுப் பிள்ளை என்று ஆகிப்போய், பல் நேராக இருப்பவர்களும் போலி கிளிப் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். உயிருக்கே ஆபத்தாகி, அரசு தடை போட வேண்டியதாயிற்று.

திருப்தி என்பது நோயாளிக்கு மட்டுமா வேண்டும்? டாக்டருக்கே திருப்தி வராத கதை ஒன்று இருக்கிறது, அதுதான் இந்தத் துறையையே புரட்டிப்போட்டது. ஆங்கிளின் கட்டளை: ஒரு பல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது, எல்லாப் பல்லையும் வரிசையில் சேர்த்தே ஆக வேண்டும். அவருடைய சீடர் சார்லஸ் ட்வீட் அரிசோனாவில் அப்படியே பல வருஷம் செய்தார். முடித்தவர்களின் முகத்தைப் பார்த்தால் பலருக்குப் பல் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது, சிலருக்கு நெருக்கம் திரும்பிவிட்டது. குருவோ 1930-ல் மறைந்துவிட்டார். ட்வீட் என்ன செய்தார் தெரியுமா? தன் சிகிச்சையில் சரியாக வராதவர்களைத் தேடிக் கூப்பிட்டு, நான்கு முன் கடைவாய்ப் பற்களை எடுத்து, முதலிலிருந்து மறுபடி சிகிச்சை செய்தார். கூடுதல் கட்டணம் இல்லாமல்! 1940-ல் அப்படி நூறு பேரின் முன் - பின் மாதிரிகளைச் சிகாகோவில் நிபுணர்கள் கூட்டத்தில் வரிசையாக அடுக்கிக் காட்டினார். குருவின் பேச்சை மீறியவர் என்று எத்தனையோ பேர் சீறினார்கள். மாதிரிகள் கண்ணெதிரே இருந்தன. இன்றைக்கு "நாலு பல் எடுக்கணும்" என்று கேட்டதும் நம் வீட்டில் பதறுகிறோமே, அந்த முடிவுக்குப் பின்னால் தன் வேலையில் தனக்கே திருப்தி இல்லை என்று சபையில் சொன்ன ஒரு மனிதரின் துணிச்சல் இருக்கிறது.

கிளிப் போட்டால் தன்னம்பிக்கை வந்துவிடும் என்று எல்லா விளம்பரமும் சொல்கிறது. உண்மையா? வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் 1981-ல் பள்ளிப் பிள்ளைகள் 1018 பேரைப் பதிவு செய்தார்கள். வயது 11, 12. இருபது வருஷம் கழித்து அவர்களில் 337 பேரை மறுபடி கண்டுபிடித்துப் பல்லையும் மனசையும் பரிசோதித்தார்கள். இருபது வருஷம்! சிறுவயதில் தேவைப்பட்டுச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பல் வரிசை நன்றாக இருந்தது, தங்கள் பல்லைப் பற்றிய திருப்தியும் இருந்தது. ஆனால் வாழ்க்கையில் நிம்மதி, சுயமரியாதை என்று அளந்தபோது கிளிப்பின் பங்கு மிகக் குறைவு. சிறுவயதில் ஏற்கெனவே எவ்வளவு தன்னம்பிக்கை இருந்ததோ, அதுதான் பெரிதாக நின்றது. பல்லைக் கேலி செய்கிறார்கள் என்று அழும் பிள்ளைக்குக் கிளிப் போடுங்கள், தப்பே இல்லை. கம்பி வேலை செய்கிற அந்த ஏறக்குறைய 20 மாசமும் வீட்டில் அந்தப் பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். 'கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சிடணும்' என்று அதன் காதுபடப் பேசாமல் இருப்பதே பாதிச் சிகிச்சை.

கிளிப்பைக் கழற்றுகிற நாள் இருக்கிறதே! பசையைச் சுரண்டி, பாலிஷ் போட்டு, நாக்கு முதல் முறையாகப் பல்மேல் வழுக்கிக்கொண்டு ஓடுகிற அந்த நிமிஷத்தில் எடுத்த கருத்துக்கணிப்பு என்றால் திருப்தி நூற்றுக்கு நூறு வந்துவிடும். உண்மையான பரீட்சை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் குழுவினர், ரிடெய்னரை (கிளிப் கழற்றிய பிறகு பல் நகராமல் பிடித்துவைக்க மாட்டுவது) நிறுத்தி 10 வருஷம் ஆனவர்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். முன் கடைவாய்ப் பற்கள் எடுத்துச் சிகிச்சை செய்தவர்கள் அவர்கள். 1981-ல் வெளியான முடிவில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் கீழ் முன்பற்கள் மறுபடி நெருக்கமாகிவிட்டிருந்தன. 20 வருஷம் கழித்துப் பார்த்தால்? வரிசை பரவாயில்லை என்று சொல்லும்படி இருந்தது 10 சதவீதம் பேருக்குத்தான்!

டாக்டர் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தமில்லை. வயது ஏற ஏறப் பல் முன்னோக்கி நகர்ந்துகொண்டேதான் இருக்கும், கிளிப்பே போடாதவர்களுக்கும். ஞானப்பல் வந்து தள்ளுகிறது என்று பழியை அதன்மேல் போடுவார்கள், பிடுங்கிப் பார்த்த ஆய்வில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே ரிடெய்னர் என்பது சிகிச்சை முடிந்த பிறகு கொடுக்கும் இனாம் இல்லை, சிகிச்சையின் அடுத்த பாதி. கிளிப்பைக் கழற்றும் நாளில் இதைச் சொன்னால் யார் காதிலும் ஏறாது. சிகிச்சை தொடங்கும் முன்பே டாக்டர் சொன்ன ஆபத்துகளில் பெற்றோருக்கு நினைவில் நின்றவை ஒன்றிரண்டுதான், பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை என்று 2003-ல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். சாப்பிடும்போது கழற்றிய ரிடெய்னரைக் காகிதத்தில் சுற்றி மேஜையில் வைக்காதீர்கள், இலையோடு சேர்ந்து குப்பைக்குப் போவது அப்படித்தான். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும், பச்சைத் தண்ணீரே போதும்.

ரிடெய்னரை நாலைந்து நாள் மறந்துபோய் மறுபடி மாட்டினால் இறுக்கமாக இருக்கும், கவனித்திருப்பீர்கள். பெரிய வயதில் கிளிப் போட்ட ஜியா சிஷ்டி என்கிற மாணவரும் அதைக் கவனித்தார். போடாமல் விட்டதில் பல் லேசாக நகர்ந்துவிட்டது, மாட்டியதும் ரிடெய்னர் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளுகிறது. அப்படியானால் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் மாறும் ரிடெய்னர்களைச் செய்து மாட்டிக்கொண்டே போனால்? இந்த யோசனையை 1945-லேயே கெஸ்லிங் என்ற பல் டாக்டர் எழுதிவைத்திருந்தார். அத்தனை தட்டுகளைக் கணக்குப் போட்டுச் செய்ய அன்றைக்குக் கணினி இல்லை. ஸ்டான்ஃபோர்டில் படித்த சிஷ்டி, கெல்சி வர்த் என்பவரோடு சேர்ந்து 1997-ல் நிறுவனம் தொடங்கினார். கண்ணுக்குத் தெரியாத கிளிப் என்று இன்றைக்கு எல்லோரும் கேட்கிற இன்விசலைன் பிறந்தது அங்கேதான். அதன் கடைசித் தட்டையும் கழற்றிய பிறகு கையில் என்ன கொடுக்கிறார்கள் தெரியுமா? ஒரு ரிடெய்னர்!